ஆப்ஷன் டிரேடிங் ஆசைக்கு ஃபைனான்ஷியல் இன்ஜினியரிங் படிக்கலாமா?

கேள்வி: ஊர் குடியாத்தம். வேலூரில் பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆப்ஷன் டிரேடிங்கில் ஆர்வம் அதிகம். வீட்டை அடமானம் வைத்தாவது அமெரிக்காவில் ஃபைனான்ஷியல் இன்ஜினியரிங் எம்.எஸ். படிக்க வைக்கிறேன் என்கிறார் அப்பா. போகலாமா?

பதில்: டிரேடிங்குக்காக என்றால் வேண்டாம். எதை வாங்குவது, எப்போது விற்பது என்று அங்கே சொல்லித் தரமாட்டார்கள். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளைப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி ஆராய்ந்தபோது, எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வர்த்தகத்தில்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருந்தார்கள். எம்.எஸ். பட்டம் உங்களை மிச்சமுள்ள 7 சதவீதத்தில் சேர்த்துவிடாது.

அப்படியானால் என்னதான் படிப்பு? உங்கள் பக்கத்து ஆம்பூரையே எடுத்துக்கொள்வோம். ஷூ ஏற்றுமதி செய்பவருக்கு மூன்று மாதம் கழித்து ஒரு லட்சம் யூரோ வரவேண்டும். இன்று யூரோ 100 ரூபாய் என்று வையுங்கள். பணம் வரும் நாளில் அது 96 ஆகிவிட்டால் 4 லட்சம் போச்சு. வங்கியில் ஃபார்வர்டு ஒப்பந்தம் போட்டு விலையை இப்போதே நிர்ணயித்துக்கொள்ளலாம், ஆனால் யூரோ 105க்குப் போனால் அந்த லாபமும் கிடைக்காது. இறங்கினால் அடி படக்கூடாது, ஏறினால் லாபமும் வேண்டும் என்பவருக்கு வங்கி புட் ஆப்ஷன் (குறித்த விலைக்கு விற்கும் உரிமை, ஆனால் கட்டாயமில்லை) விற்கும், அதற்கு பிரீமியம் என்று ஒரு கட்டணம் வாங்கும். எவ்வளவு பிரீமியம் நியாயம்? விற்ற பிறகு அந்த ரிஸ்க்கை வங்கி தினமும் எப்படிச் சமாளிக்கும்? இந்த இரண்டு கேள்விகள்தான் பாடத்தின் உயிர்நாடி. 1973இல் பிளாக், ஷோல்ஸ், மெர்ட்டன் என்ற மூன்று நிதியியல் அறிஞர்கள் இதற்கு ஒரு சூத்திரம் கண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், விலை ஏறுமா இறங்குமா என்ற கணிப்புக்கு அந்தச் சூத்திரத்தில் இடமே இல்லை. எவ்வளவு ஆடும் என்பதற்குத்தான் இடம். டிரேடிங் ஆசையோடு வருபவர்கள் முதல் செமஸ்டரிலேயே சோர்ந்துபோவது இதனால்தான்.

இந்தக் கணக்கு உங்களுக்குப் பிடிக்கிறது என்றால் விஷயம் வேறு. நிகழ்தகவு, லீனியர் அல்ஜீப்ரா, டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் மூன்றும் கைவசம் இருக்கவேண்டும். பைதான் கட்டாயம், சி பிளஸ் பிளஸ் தெரிந்தால் நல்லது.

அமெரிக்காவுக்கு அவசரம் வேண்டாம் என்பேன். அங்கே பல பல்கலைக்கழகங்கள் நான்காண்டு இளநிலைப் பட்டம் கேட்கின்றன, உங்களுடையது மூன்றாண்டு. செலவோ, தங்குவதையும் சேர்த்தால் பல இடங்களில் 70, 80 லட்சத்தைத் தாண்டும். ஏஜென்சிக்காரர்கள் இதையெல்லாம் கடைசியில்தான் சொல்வார்கள்.

ஐஐடி ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி. கணிதமோ புள்ளியியலோ சேருவது என் முதல் சாய்ஸ். அமெரிக்கச் செலவில் இது ஒரு சிறு பங்குதான். அப்புறம், பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. குவான்டிடேட்டிவ் ஃபைனான்ஸ் இருக்கிறது. சென்னை மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் எம்.ஏ. ஃபைனான்ஷியல் எகனாமிக்ஸ் படிக்கலாம், ஆனால் அதில் பொருளாதார வாடை தூக்கல். வேர்ல்ட்குவான்ட் யூனிவர்சிட்டி கட்டணமே இல்லாமல் ஆன்லைனில் ஃபைனான்ஷியல் இன்ஜினியரிங் எம்.எஸ்சி. நடத்துகிறது, வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்குத் தோதானது.

வேலை வேலூரில் கிடைக்காது. மும்பை, பெங்களூரு, சென்னை வங்கிகளின் ரிஸ்க், மாடல் வேலிடேஷன் (கணக்கு மாடல்களைச் சரிபார்ப்பது) பிரிவுகளில்தான். எம்.எஸ்சி.யோடு எஃப்.ஆர்.எம். (ஃபைனான்ஷியல் ரிஸ்க் மேனேஜர்) தேர்வின் இரண்டு பாகங்களையும் முடித்தவர்கள் அங்கே நுழைகிறார்கள்.

ஜாம் பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மேத்தமேட்டிக்கல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தாள் ஒன்றை எடுத்து, மூன்று மணி நேரம் போனை அணைத்துவிட்டு எழுதிப் பாருங்கள். அப்பாவிடம் அதற்குப் பிறகு பேசலாம்.