துருவுக்குப் பின்னால் பாருங்கள்

கேள்வி: பழைய சாமான் சந்தையில் இழைப்புளி, உளி, ரம்பம் எல்லாம் துருவோடு குவிந்து கிடக்கின்றன. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: மேல்துருவைக் கண்டு ஒதுங்காதீர்கள். வினிகரில் ஓர் இரவு ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூசினால் போய்விடும். இரும்பையே அரித்துக் குழி போட்ட துருதான் ஆபத்து. உளியைத் திருப்பி, தட்டையான பின்பக்கத்தை முனையருகே விரலால் தடவுங்கள். அங்கே குழி இருந்தால் எவ்வளவு சாணை பிடித்தாலும் வெட்டுமுனை பல்லுப்பல்லாகத்தான் வரும். முனையில் நீலம் பாய்ந்திருந்தால் யாரோ சாணையில் சூடேற்றி எஃகின் கடினப் பதத்தைக் கெடுத்திருக்கிறார்கள், வைத்துவிடுங்கள்.

இழைப்புளி வாங்கும்போது அலகைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் கேளுங்கள், நல்ல வியாபாரி கோபித்துக்கொள்ள மாட்டார். வார்ப்பிரும்பு உடம்பில் அலகு வெளியே நீட்டும் திறப்பான வாய்ப்பகுதியின் ஓரங்களில்தான் விரிசல் ஒளிந்திருக்கும். அழுக்கு அதை மறைத்துவிடும் என்பதால் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

அமெரிக்க நிறுவனமான ஸ்டான்லியின் பழைய இழைப்புளிகள் சிலவற்றின் உள்ளே 1902, 1910 ஆண்டுகளைக் குறிக்கும் தேதிகள் வார்த்திருக்கும். "அந்த வருஷம் செய்தது" என்று விற்பவர் சொல்வார். அது காப்புரிமை பெற்ற ஆண்டு. கருவி பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. அதற்காகக் கூடுதல் விலை தராதீர்கள்.

ரம்பத்துக்குப் பல் மழுங்கியிருப்பது குறையே அல்ல, அரம் போட்டால் சரியாகும். கைப்பிடிப் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிப் பல்வரிசையைப் பாருங்கள். தகடு நேராக ஓட வேண்டும். மடங்கிய தகட்டை நிமிர்த்துவது தேர்ந்த கைக்கே கடினம்.