வன்னியில் பிறப்புகளை எண்ணுவது எப்படி? குடித்தொகை ஆய்வாளரிடம் சில கேள்விகள்

வட இலங்கையின் வன்னிப் பகுதியிலுள்ள கிளிநொச்சியில் இருந்துகொண்டு கருவளம் (பெண்கள் எத்தனை பிள்ளை பெறுகிறார்கள் என்பது), குடும்பத் திட்டமிடல் பற்றி ஆய்வு செய்கிறேன். கேள்விகள் இருந்தால் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். கனக்கக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

மிஸ், உங்கள் வேலை சென்சஸ் எடுப்பதா? (உயர்தர மாணவி, வவுனியா)

இல்லை தங்கச்சி. அதை எடுப்பது தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம். பிறப்பு, இறப்பு, இடம்பெயர்வு ஆகிய மூன்றாலும் ஒரு சனத்தொகை எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் குடித்தொகையியல். இதில் நான் பிறப்பின் பக்கம்.

போர்க்காலத்தில் வன்னிக்குக் கணக்கே இல்லையே, எதை வைத்து ஆய்வு செய்கிறீர்கள்? (புதுக்குடியிருப்பைச் சேர்ந்தவர், இப்போது கனடாவில்)

நீங்கள் சொல்வது சரிதான் அண்ணா. 1981க்குப் பிறகு எங்களை முழுமையாக எண்ணியது 2012 இல்தான். 2001 கணக்கெடுப்பு 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நடந்தது, வன்னி அதற்குள் வரவில்லை. குடிசன, சுகாதார அளவாய்வுகளின் நிலையும் அதுதான். 2000 ஆம் ஆண்டு அளவாய்வில் வடக்கும் கிழக்கும் இல்லை. 2006-07 இல் கிழக்கு வந்தது, வடக்கு வரவில்லை. 2016 இல்தான் 25 மாவட்டங்களும் சேர்ந்தன. அதனால் பழைய அறிக்கைகளில் ‘இலங்கைப் பெண்’ என்று வரும் எண்களில் எங்கள் பெண்கள் இல்லை. இது எனக்கு ஆறாத மனக்குறை, இந்தத் துறைக்கு நான் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

2012 இல் கிளிநொச்சியில் 113,510 பேர், முல்லைத்தீவில் 92,238 பேர். அந்த வகைத் தரவிலிருந்து பின்னோக்கிக் கணிக்க ஒரு முறை இருக்கிறது. ஒரு வீட்டிலுள்ள பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அதே வீட்டிலுள்ள தாயோடு இணைத்து, கடந்த பதினைந்து வருடங்களில் எந்த வயதுப் பெண்களுக்கு எத்தனை பிள்ளைகள் பிறந்தன என்று பார்ப்பது. பிறப்புப் பதிவு குறைவான நாடுகள் பலவற்றில் இது நன்றாக உதவியது. ஆனால் பிள்ளை தாயோடு இருக்கிறது என்ற அனுமானத்தில்தான் இந்த முறையே நிற்கிறது. முல்லைத்தீவில் ஒரு வீட்டுக்குப் போனால் அம்மம்மாவோடு மூன்று பேரப்பிள்ளைகள் இருப்பார்கள், தாய் 2009 இல் இறந்திருப்பாள். இன்னொரு வீட்டில் தாய் இருப்பாள், பிள்ளைகள் இல்லை. முதல் வீட்டில் பிறப்பு இருக்கிறது, தாய் இல்லை. இரண்டாவது வீட்டில் நடந்த பிறப்புகள் கணக்குக்கு வருவதேயில்லை. மற்ற இடங்களில் இப்படியான வீடுகள் சொற்பம் என்பதால் ஒரு சிறிய திருத்தம் போட்டுவிடலாம். இங்கே அது போதாது.

அதனால் பெண்களிடம் நேரே இருந்து, முதற்பிள்ளை தொடங்கிக் கடைசிப் பிள்ளை வரை, உயிரோடு இருக்கிற பிள்ளை, இல்லாத பிள்ளை எல்லாவற்றையும் கேட்டு எழுத வேண்டியிருக்கிறது. அவசரப்பட்டுக் கேட்கிற கேள்வி இல்லை இது. இறந்த பிள்ளையின் பெயரை ஒரு தாய் சொல்லத் தொடங்கினால் அன்றைக்கு அந்த ஒரு வீடுதான்.

பத்திரம் எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டது. திகதி எப்படிச் சரியாக எடுப்பீர்கள்? (ஆசிரியர், மாங்குளம்)

வருடத்தைக் கேட்பதில்லை ஐயா, நடந்ததைக் கேட்போம். 1964 புயல், 77 கலவரம், இந்திய ஆமி வந்தது, 95 இடப்பெயர்வு, 2004 சுனாமி என்று ஒரு நிகழ்வு நாட்காட்டி கையில் இருக்கும். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு அம்மா, “மூண்டாவது வயித்திலை இருக்கேக்கைதான் யாழ்ப்பாணச் சனம் இஞ்சாலை வந்தது” என்றார். யாழ்ப்பாண இடப்பெயர்வு 1995 ஒக்டோபர் கடைசி. “அப்ப எத்தினை மாதம் அம்மா?” என்று கேட்டேன். “வயிறு தெரியத் தொடங்கினது, தைப்பொங்கலுக்குப் பிறகு வளைகாப்பு.” அவ்வளவும் போதும், 1996 சித்திரைக்குக் கிட்ட என்று எழுதலாம்.

இப்படிக் கேட்காவிட்டால் வயதெல்லாம் 30, 35, 40 என்று பூச்சியத்திலும் ஐந்திலும் வந்து குவியும். அந்தக் குவியலை அளந்து, தரவு எவ்வளவு நம்பத்தக்கது என்று சொல்லவும் வழி இருக்கிறது.

அக்கா, மூன்று மாதக் கருத்தடை ஊசி போட்டால் பிறகு பிள்ளை தங்காது என்கிறார்களே? (இளம் தாய், பரந்தன்)

தங்கும், ஆனால் சுணங்கும். கடைசி ஊசிக்குப் பிறகு கருத்தரிக்கச் சராசரியாகப் பத்து மாதமளவில் எடுக்கும், சிலருக்கு இன்னும் கூட. மற்ற முறைகளில் இந்தச் சுணக்கம் இல்லை. ஊசியை நிறுத்தி ஆறு மாதமாகியும் கரு நிற்கவில்லை என்றதும் ஊரில் கதை பரவிவிடுகிறது. அடுத்த பிள்ளை கெதியாக வேண்டும் என்றால் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் அதை இப்போதே சொல்லி, லூப் (கருப்பைக்குள் வைப்பது) போன்ற வேறு முறை பற்றிக் கேளுங்கள்.

குடும்பத் திட்டமிடல் எங்கள் சனத்தைக் குறைக்கும் வேலை. நீங்களும் அதற்குத் துணையா? (முல்லைத்தீவு)

இந்தக் கோபத்தை நான் தட்டிவிட மாட்டேன். 2013 இல் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில், சரியான விளக்கமும் சம்மதமும் இல்லாமல் பெண்களின் கையில் கருத்தடைக் குச்சி வைக்கப்பட்டதாக முறைப்பாடுகள் எழுந்தன. போரிலிருந்து மீண்டு வந்த ஒரு சமூகத்தில் அது எவ்வளவு பயத்தை விதைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சம்மதமில்லாமல் செய்வது எந்தக் காரணத்துக்காகவும் பிழை. 1994 இல் கெய்ரோவில் நடந்த மக்கள்தொகை மாநாடும் எண்ணிக்கை இலக்குகளை விட்டு, பெண்ணின் தெரிவையும் உரிமையையும் முன்னுக்கு வைத்தது.

ஆனால் பிறப்பு குறைவதை முழுக்கக் குடும்பத் திட்டமிடலின் தலையில் கட்ட முடியாது. இலங்கையில் குடும்பத் திட்டச் சங்கம் தொடங்கியது 1953 இல், அரசாங்கம் பொறுப்பெடுத்தது 1965 இல். ஆரம்பத்தில் கருவளம் குறைந்ததில் பெரும்பங்கு பெண்கள் படித்துப் பிந்தித் திருமணம் செய்ததற்கு உண்டு. எங்கள் பக்கம் அதோடு சாவும் வெளிநாடும் சேர்ந்தன. இனத்துக்காக ஐந்து பிள்ளை பெறுங்கள் என்று மேடையில் சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கணவன் காணாமற்போய், இரண்டு பிள்ளைகளோடு கூலி வேலைக்குப் போகிற பெண்ணிடம் அதைப் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு பிறப்பு கூடியதே, இப்போது ஏன் குறைகிறது? (அபிவிருத்தி உத்தியோகத்தர், மன்னார்)

ஒரு வருடத்துப் பிறப்புகளை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம் தம்பி. இரண்டு பிள்ளை போதும் என்று நினைத்த ஒரு பெண், சண்டைக்குள்ளும் முகாமிலும் பிள்ளையைத் தள்ளிப்போட்டு, வீடு திரும்பியதும் அடுத்தடுத்துப் பெறுகிறாள். இப்படி ஊரெல்லாம் நடந்தால் அந்த வருடங்களின் வீதம் ஏறும், பிறகு இறங்கும். அவள் பெற்றது அதே இரண்டுதான். மறுபக்கத்தில், ஆட்சேர்ப்புக்குப் பயந்து பதினாறு, பதினேழு வயதில் கட்டிவைக்கப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களின் முதற்பிறப்பு முந்தி வந்துவிட்டது. ஆகவே ஒரே வயதுக் குழுவைத் தொடர்ந்து பார்த்து, கடைசியில் எத்தனை பிள்ளை என்று எண்ணுவதுதான் நியாயம். அதுபோக, இப்போதைய வீழ்ச்சி நாடு முழுவதற்கும் உரியது. 2016 இல் மொத்தக் கருவள வீதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, 2.2. பிறகு வந்த பொருளாதார நெருக்கடியில் பிறப்புகள் நன்றாகவே குறைந்தன.

இந்தத் துறைக்கு வர என்ன படிக்க வேண்டும்? (யாழ். கம்பஸ் மாணவி, நெடுங்கேணி)

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் குடித்தொகையியலுக்கென்றே துறை இருக்கிறது. மேற்படிப்புக்கு மும்பையில் 1956 இல் தொடங்கிய சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும் நல்லது. புவியியல், புள்ளிவிபரவியல், சமூகவியல் எதிலிருந்தும் வரலாம். கணிதத்துக்குப் பயப்பட வேண்டாம், பழகினால் வரும். சிங்களமும் படியுங்கள், பழைய பதிவேடுகள் பலவற்றுக்கு அது தேவைப்படும்.

அப்புறம், களவேலை பற்றி ஒன்று. மாமியார் பக்கத்தில் இருக்கும்போது ‘ஏதாவது முறை பாவிக்கிறீர்களா?’ என்று மருமகளிடம் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் வரும். இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் மாமியாரோடு வயல், கிணறு, பழைய கதை என்று முற்றத்தில் இருந்து கதைக்கட்டும். மற்றவர் அந்த நேரத்துக்குள் குசினிப் பக்கம் போய்க் கேள்விக்கொத்தின் அந்தப் பகுதியை முடித்துவிடலாம்.