வேலை பாஸில் சிங்கப்பூர் வருகிற தம்பிக்கு

தம்பி, சிங்கப்பூரில் வாடகை, பள்ளிக்கூடம் பற்றியெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். அது வந்த ஒரு மாதத்தில் தானாகவே பிடிபட்டுவிடும். "கொரோனாவுக்குக் கிட்டத்தட்ட 100 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இறக்கிய அரசாயிற்றே, நெருக்கடி வந்தாலும் வேலைக்குப் பயமில்லைதானே?" என்று கேட்டீர்கள் பாருங்கள், அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

இறக்கியது உண்மை. 2020 பிப்ரவரி முதல் மே வரை நிதியமைச்சர் ஹெங் சுவீ கியட் நான்கு நிவாரணத் திட்டங்கள் அறிவித்தார். முந்தைய அரசுகள் சேர்த்த இருப்பை அதிபர் சம்மதிக்காமல் தொட இங்கே சட்டம் விடாது. அதிலிருந்து 52 பில்லியன் வரை எடுக்க அதிபர் ஹலிமா யாக்கோப் ஒப்புக்கொண்டார். சிறிய நாடு இப்படிச் சேர்த்து வைத்திருந்தது பெரிய விஷயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் அது யார் கணக்கில் போனது? ஏப்ரல் சம்பளத்தில் முதல் 4,600 வெள்ளிக்கு 75 விழுக்காட்டை அரசு முதலாளிக்குக் கொடுத்தது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் என்ற அனுமதிகளில் வேலை செய்கிற வெளிநாட்டு ஆட்களுக்காக முதலாளி அரசுக்கு மாதாமாதம் தீர்வை கட்ட வேண்டும். அவர்களுக்குத் தீர்வைத் தள்ளுபடியும் தலைக்கு 750 வெள்ளிக் கழிவும் உண்டு, அதுவும் முதலாளி கைக்குத்தான். நீங்கள் வருகிற எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குத் தீர்வையே கிடையாது, அதனால் தள்ளுபடியும் இல்லை. அப்படியென்றால் பக்கத்து மேசையில் இருக்கும் உள்ளூர்க்காரருக்கு அந்த 4,600 வரை கம்பெனி கால் பங்கு கொடுத்தால் போதும், உங்களுக்கு முழுசாகக் கொடுக்க வேண்டும். ஆள் குறைக்கும்போது யார் பெயரில் கை வைப்பார்கள்?

நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2008 அக்டோபரில் வந்தேன். உலக நிதி நெருக்கடி நேரம். அடுத்த ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் தர்மன் சண்முகரத்னம் இதே போல ஒரு சம்பள மானியம் அறிவித்தார், முதல் 2,500 வெள்ளிக்கு 12 விழுக்காடு. "இந்த ஊரில் யாரையும் கைவிட மாட்டார்கள்" என்று அறையில் இருந்த ஊர்க்காரர்கள் தைரியம் சொன்னார்கள். மத்திய சேம நிதி (இங்கத்திய பி.எஃப்.) கட்டுகிறவர்களுக்கு, அதாவது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான் அது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பிப்ரவரியில் மேலாளர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். பெயர்ப் பட்டியலில் மானியம் என்ற கட்டத்தில் என் வரிசை மட்டும் காலியாக இருந்தது. பாஸ் ரத்தாகி 30 நாள் கெடு. 22ஆம் நாள் துவாஸ் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். விடியற்காலை ஐந்தரைக்குப் பூன் லேயில் பஸ் பிடித்து, சீன ஃபோர்மேனிடம் வேலையும் கொஞ்சம் ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழியும் கற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பிப்ரவரியும் பட்ஜெட் உரையை முழுசாகப் படித்துவிடுவேன்.

நம்மவர்கள் பலர் அதைப் படிப்பதில்லை, ஊரில் ஃபிளாட்டுக்குத் தவணை கட்டியே சம்பளத்தைத் தீர்க்கிறார்கள். நீங்கள் ஆறு மாதச் செலவை இங்கேயே வங்கியில் வைத்துக்கொள்ளுங்கள்.

2020இல் நான் நிரந்தரவாசி, என் இருக்கை நின்றது. பக்கத்தில் இருந்த தஞ்சாவூர்த் தம்பிக்கு நிற்கவில்லை, வெளிநாட்டில் இருந்தவர்களை அழைத்துவர இந்தியா அப்போது விட்ட வந்தே பாரத் விமானத்தில் ஊருக்குப் போனார். புறப்படுவதற்கு முந்தின இரவு ரைஸ் குக்கரைக் கழுவித் துடைத்து, "வந்து வாங்கிக்கிறேன் அண்ணே" என்று கொடுத்துவிட்டுப் போனார். இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.