புளி போட்டுத் தேய்த்த பிள்ளையார்

அன்புள்ள ஐயா,

பூஜையறைக்கு ஒரு நடராஜர் வாங்க ஆசை. காரைக்குடியில் ஒரு கடையில் 'இருநூறு வருஷப் பழசு' என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். அதே விலைக்குச் சுவாமிமலையில் இன்னும் பெரிதாகப் புதிதாகவே வார்த்துத் தருவார்களாம். என்ன இருந்தாலும் புதுசு நகல்தானே என்று தயக்கம். எதை வாங்கலாம்?

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலைதான் எங்கள் வீட்டுப் பிள்ளையாரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவரிடம் அப்புறம் வருகிறேன்.

கடைக்காரரிடம் தொல்பொருள் பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். நூறு வருஷம் தாண்டிய சிலைக்கு அது வேண்டும். முழித்தால், சிலை பொய்யாக இருக்கும் அல்லது திருட்டாக இருக்கும். விலையும் அளவும் உங்கள் பாடு.

'நகல்தானே' என்றீர்களே, அதுதான் உறுத்துகிறது. சுவாமிமலைப் பட்டறையில் ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, மேலே காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடுகாட்டி மெழுகை வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று. அதே அச்சில் இன்னொன்று பிறக்காது. சோழர் காலத்திலும் இதே வழிதான். இதில் எதை ஐயா நகல் என்கிறீர்கள்?

சிவபுரம் கதை தெரியுமா? கும்பகோணம் பக்கம். 1951இல் அங்கே மண்ணுக்கடியிலிருந்து ஒரு நடராஜர் கிடைத்தார். பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் ஆள் மாறிவிட்டது. கோயிலுக்குத் திரும்பி வந்தவர் புதிதாக வார்க்கப்பட்டவர். பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட் 1965இல் தன் புத்தகத்தில் எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பழையவர் 1973இல் 9 லட்சம் டாலருக்கு அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் என்ற கலைப்பொருள் சேகரிப்பாளரிடம் போய், வழக்கெல்லாம் நடந்து, 1986இல் திரும்பினார். மாற்றி வைத்தவர்களை வாய் வலிக்கத் திட்டலாம். ஆனால் ஒரு கோயிலையே நம்பவைத்த அந்த வார்ப்பு எப்பேர்ப்பட்ட கைவேலை! அதைச் சொல்ல ஆளில்லை.

எங்கள் பிள்ளையாரும் ஒரு கடைக்காரர் 'முந்நூறு வருஷம்' என்று சத்தியம் செய்து என் தலையில் கட்டியவர்தான். உடம்பெல்லாம் பச்சைக் களிம்பு, பார்க்கவே பழமை சொட்டியது. நான் வெளியே போயிருந்த நேரத்தில் அம்மா புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். வந்து பார்த்தால் பளபளவென்று, நேற்று வார்த்தது போல நிற்கிறார். அடியில் அரம் ராவிய கோடுகள்கூட அழியவில்லை. முந்நூறு வருஷமும் ஒரு மணி நேரத்தில் வாய்க்காலோடு போயிற்று. நான் கத்தினேன். "அழுக்கா இருந்தாருடா" என்றாள் அம்மா, அவ்வளவுதான்.

அவள் இருந்தவரை வெள்ளிக்கிழமை தவறாமல் தேய்த்தாள். இருபத்திரண்டு வருஷம். இப்போது தும்பிக்கையின் வரிகள் மழுங்கிவிட்டன. இடது கண் விரலில் தட்டுப்படுவதே இல்லை.