வாசலில் கோலம், அடுக்களையில் ஸ்ப்ரே

கேள்வி: மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். ஒரு மாதமாகச் சமையல் மேடை முழுக்கப் பொடிப்பொடியாகச் சிவப்பு எறும்பு. மூன்று டப்பா ஸ்ப்ரே காலி. இப்போது படுக்கையறை, பாத்ரூம் வரை வந்துவிட்டது. "வாயில்லா ஜீவனைக் கொல்கிறாயே, பாவம் சும்மா விடாது" என்கிறார் மாமியார். அவர் தினமும் வாசலில் மாவுக்கோலம் போட்டு வரவழைப்பதால்தான் எறும்பு வருகிறது என்பது என் கட்சி. யார் சொல்வது சரி? எறும்பு ஒழிய என்ன வழி?
– பெயர் வேண்டாம், குரோம்பேட்டை

பதில்: பாவக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் பயப்படும் அளவுக்கு ஒன்றும் சேரவில்லை. மூன்று டப்பா அடித்தும் அந்த எறும்புக் குடும்பத்தை நீங்கள் தொடவே இல்லை.

மேடையில் வரிசை கட்டிப் போவதெல்லாம் சாமான் வாங்க அனுப்பிய ஆட்கள். அதுவும் வயதான ஆட்கள். எறும்புக் கூட்டில் இளவட்டங்கள் உள்ளேயே இருந்து புழுக்களுக்குத் தீனி கொடுத்துப் பார்த்துக்கொள்ளும்; வயதான பிறகுதான் வெளிவேலை. (ரேஷன் கடை வரிசையில் நம் வீட்டிலிருந்து யார் நிற்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.) ராணி, முட்டை, புழு எல்லாம் டைல்ஸுக்குப் பின்னாலோ சுவிட்ச் பெட்டிக்குள்ளோ பத்திரமாக இருக்கின்றன. இன்றைக்கு நீங்கள் நூறைச் சாய்த்தால் நாளைக்கு வேறு நூறு வரும், அவ்வளவுதான்.

படுக்கையறைக்கு எப்படி வந்தது? அதற்கும் நீங்கள்தான் காரணம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், 2 மில்லிமீட்டருக்கு மேல் வளராத, மஞ்சளும் சிவப்பும் கலந்த பொடி எறும்பு என்று தோன்றுகிறது. ஃபாரோ எறும்பு என்று பூச்சியியல்காரர்கள் சொல்வது இதைத்தான். ஆஸ்பத்திரிகளில் இது பெரிய தொல்லை. இதன் கூட்டில் ராணி ஒன்றல்ல, பல. மருந்து வாடை அடித்ததும் ஒன்றிரண்டு ராணிகளும் கொஞ்சம் ஆட்களும் முட்டை, புழுக்களைத் தூக்கிக்கொண்டு வேறு சுவருக்குப் போய்ப் புதுக் கூடு போட்டுவிடும். ஆக, ஒரு குடும்பத்தை ஒழிக்கப் போய் மூன்று தனிக்குடித்தனம் வைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். மாமியாருக்குத் தெரிய வேண்டாம்.

எல்லா எறும்பும் இப்படிப் பிரிந்து போகாது. ஆனால் வீட்டுக்குள் வரும் எந்த எறும்புக்கும் ஸ்ப்ரே சரியான மருந்தில்லை. அதைக் கீழே வையுங்கள்.

கோல வழக்குக்கு வருகிறேன். அரிசி மாவுக் கோலத்தை எறும்பு தின்னும் என்பது உண்மை. அதற்காகவே போட்டார்கள் நம் பாட்டிகள். ஆனால் இப்போது பாக்கெட்டில் வருகிற கோலமாவு பெரும்பாலும் வெள்ளைக் கல்லை அரைத்த பொடி. அதை எறும்பு ஏறெடுத்தும் பார்க்காது. ஒரு காரியம் செய்யுங்கள். கோலம் போட்டு அரைமணி நேரம் கழித்துக் குனிந்து பாருங்கள். எறும்பு வந்து துகளைக் கவ்விக்கொண்டு போனால் மாமியார் நிஜமாகவே புண்ணியம் தேடுகிறார். உங்கள் கட்சிக்கும் ஒரு ஆதாரம் கிடைக்கும். ஒன்றுமே வராவிட்டால் இருவர் கட்சியும் காலி. அப்படியே வந்தாலும் அந்த வரிசை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். மாடிப்படி வழியாகக் கீழே இறங்கினால் அது வேறு குடும்பம், உங்கள் அடுக்களைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விட்டுவிடுங்கள்.

அடுக்களை எறும்புக்கும் இதே வேலைதான்: குனிந்து பார்ப்பது. யாரும் செய்வதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பாவை மூன்று முறை இடம் மாற்றினோம், எறும்பும் மூன்று முறை வந்தது. காபியில் மிதந்ததை "எறும்பு தின்றால் கண் நன்றாகத் தெரியும்" என்று சொல்லிச் சொல்லி எத்தனை நாள் குடிப்பது? ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சர்க்கரை டப்பா பக்கம் சும்மா நாலைந்து எறும்புதான் அலைந்தது. நிஜ வரிசை மேடைக்குக் கீழே, இரண்டு டைல்ஸ் சேரும் சிமெண்டுக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, கேஸ் குழாய்க்குப் பின்னால் புகுந்து, ஃபிரிட்ஜின் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. மேலே குழந்தையின் இருமல் சிரப் பாட்டில். மூடியைத் திருகினால் மறை முழுக்கக் கருப்பாக உறைந்த பாகு, அதில் மொய்மொய்யென்று எறும்பு. பேரனுக்கு இருமல் நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது.

உங்கள் வீட்டிலும் ஒரு சிரப் பாட்டில் இருக்கும். மிக்ஸியின் அடியில் வழிந்து காய்ந்த சட்னி, கேஸ் அடுப்புக்கு அடியில் பால் பொங்கிய கறை, பூஜை அலமாரியில் நேற்று வைத்த கல்கண்டு, சோபா இடுக்கில் பிஸ்கட் தூள், செத்துக் கிடக்கும் கரப்பான்பூச்சி. கடைசியில் சொன்னதுதான் எறும்புக்குக் கல்யாண விருந்து. பால்கனியில் செம்பருத்தித் தொட்டி இருந்தால் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியிருந்தால், அது கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதை மாடு மாதிரி மேய்த்துக்கொண்டிருக்கும். மற்ற பூச்சி கிட்டே வந்தால் விரட்டவும் செய்யும். அங்கே எறும்பை அடிப்பதைவிடச் சோப்புக் கரைசலிலோ வேப்பெண்ணெய்க் கரைசலிலோ மாவுப்பூச்சியைக் கழுவுவதுதான் வேலை.

வரிசையைப் பார்த்துவிட்டீர்கள். வாயில் எதையாவது கவ்விக்கொண்டு போவதுதான் வீட்டுக்குத் திரும்பும் எறும்பு. அது போகிற பக்கம் போனால் ஓட்டை தெரியும். தெரிந்ததும் உடனே அடைத்துவிடாதீர்கள். அந்த வாசல் நமக்கு வேண்டும்.

எறும்பைக் கொண்டே மருந்தை உள்ளே அனுப்ப வேண்டும். வளர்ந்த எறும்பால் கெட்டியான எதையும் விழுங்க முடியாது, திரவம்தான் இறங்கும். (ரவை போட்டால் அதைத் தின்று வயிறு வெடித்துச் சாகும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதற்கும் இதுவே பதில். ரவையைத் தூக்கிக்கொண்டு போய்ப் புழுக்களுக்குக் கொடுக்கும். நீங்கள் அன்னதானம் செய்ததாகக் கணக்கு.) குடித்த திரவத்தில் பெரும்பகுதி, எறும்பின் சொந்த வயிற்றுக்குப் போகாமல், ஊருக்காக வைத்திருக்கும் இன்னொரு பையில் தங்கும். கூட்டுக்குப் போய் வாயோடு வாய் வைத்து மற்றவர்களுக்குக் கக்கிக் கொடுக்கும். ராணிக்கும் பங்கு போகும்.

மருந்துக்கடையில் போரிக் ஆசிட் பவுடர் என்று கேட்டு வாங்குங்கள். கேரம் போர்டில் தூவுவதும் பல இடங்களில் இதேதான். ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் நாலு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் போரிக் பவுடர். நன்றாகக் கரையட்டும். பஞ்சை நனைத்துப் பாட்டில் மூடியில் வைத்து, வரிசைக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு மருந்து என்ற கணக்கு. கூடப் போட்டால் சீக்கிரம் சாகுமே என்று கை நீளும், வேண்டாம். எறும்பு பாதி வழியில் செத்தால் மருந்து ராணியிடம் போய்ச் சேராது. மெதுவாகக் கொல்வதுதான் இதன் சாமர்த்தியம்.

முதல் இரண்டு நாள் முன்னைவிட அதிகமாக வரும். மூடியைச் சுற்றி வட்டமாகத் தலையைக் குனிந்துகொண்டு, பந்தியில் உட்கார்ந்த மாதிரி குடித்துக்கொண்டிருக்கும். பார்த்தால் கை பரபரக்கும். துடைக்காதீர்கள், நசுக்காதீர்கள். ஸ்ப்ரேயை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை பஞ்சை மாற்றுங்கள். ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் வரை பொறுமை வேண்டும். பல ராணி இருக்கும் இனத்துக்கு அதற்கு மேலும் ஆகலாம். இனிப்பைச் சீந்தாமல் போனால் கொஞ்சம் கடலை எண்ணெயைத் தொட்டு வைத்துப் பாருங்கள். அதற்கு வந்தால் எண்ணெய்ப் பசை உள்ள தீனியில் மருந்தைக் கலக்க வேண்டும். கடையில் கிடைக்கும் எறும்பு ஜெல்லும் இதே தத்துவம்தான். தவழும் குழந்தையோ நாயோ பூனையோ இருந்தால் மூடியைத் திறந்து வைக்காதீர்கள். பழைய பிளாஸ்டிக் டப்பாவில் எறும்பு புகும் அளவுக்கு ஓட்டை போட்டு, உள்ளே வைத்து மூடி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தள்ளிவிடுங்கள். போரிக் பவுடர் வயிற்றுக்குள் போனால் மனிதருக்கும் விஷம்.

வரத்து நின்ற பிறகுதான் ஓட்டையை வெள்ளை சிமெண்டால் அடைக்க வேண்டும், பாதையைச் சோப்புத் தண்ணீரால் துடைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாதை வயிற்று நுனியால் தொட்டுத் தொட்டு வைத்த வாசனை. 1950களின் கடைசியில் அமெரிக்காவில் எட்வர்ட் வில்சன் என்ற விஞ்ஞானி, எறும்பின் வயிற்றிலிருந்து கடுகினும் சிறிய ஒரு சுரப்பியை எடுத்து நசுக்கிக் கோடு இழுத்தார். எறும்புகள் கூட்டிலிருந்து வந்து கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடின. மஞ்சள்தூள், கிராம்பு, வினிகர் எல்லாம் இந்த வாசனையைக் கலைக்கும்; சாயங்காலம் வரை எறும்பு குழம்பி நிற்கும், அப்புறம் வேறு பாதை போட்டுவிடும். செய்வதால் கெடுதல் இல்லை.

கெடுதல் செய்வது இரண்டு. ஒன்று, எறும்பு சாக்பீஸ். சிலேட்டில் எழுதும் சாக்பீஸ் மாதிரியே இருக்கும் பூச்சிமருந்து அது. சமையல் மேடையில் அதால் கோடு போட்டுவிட்டு அங்கேயே சப்பாத்தி தேய்ப்பவர்களை எனக்குத் தெரியும். இரண்டு, பெயரும் லேபிளும் இல்லாத பொட்டலத்தில் விற்கும் எறும்புப் பொடி. அந்தக் காலத்தில் கமாக்சின் என்று அரிசி மூட்டையைச் சுற்றித் தாராளமாகத் தூவினோம். அந்த பி.எச்.சி. பொடியை இந்திய அரசு 1997லேயே தடை செய்துவிட்டது. லேபிள் இல்லாத பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் சர்க்கரை டப்பா வைப்பது பழைய வழி, நல்ல வழி. தண்ணீரை மட்டும் நாலு நாளைக்கு ஒருமுறை கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். எறும்புக்குப் பயந்து டெங்கு கொசுவை வளர்க்க வேண்டாம்.

மாமியார் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. வீட்டுக்கு வெளியே இருக்கும் எறும்பை எதற்குக் கொல்ல வேண்டும்? கரையான், பூச்சி முட்டை, செத்த புழு என்று துப்புரவு வேலை பார்ப்பது அதுதான். மாமரத்தில் இலையைத் தைத்துக் கூடு கட்டும் முசுறைச் சீனாவில் சுமார் 1700 வருஷத்துக்கு முன்பே பையில் கட்டிச் சந்தையில் விற்றிருக்கிறார்கள், ஆரஞ்சுத் தோட்டத்தில் பூச்சி பிடிக்க. அதற்காக எல்லா எறும்பும் சாது என்றும் சொல்ல மாட்டேன். 2022ல் நத்தம் பக்கம் கரந்தமலை அடிவாரத்து ஊர்களில் மஞ்சள் எறும்பு பெருகி ஆடு மாடுகளைப் படுத்திய பாட்டைப் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

பாத்ரூம் எறும்பு ஒன்று பாக்கி. பெரும்பாலும் தண்ணீருக்காக வரும். சொட்டும் குழாயைச் சரிசெய்தால் குறையும். குழாய்ப் பக்கம் போகாமல் கழிப்பறைக் கோப்பையைச் சுற்றி மட்டும் மொய்த்தால் விஷயம் வேறு. ரத்தத்தில் சர்க்கரை 180ஐத் தாண்டினால் சிறுநீரில் இறங்க ஆரம்பிக்கும், எறும்பு அதை மோப்பம் பிடித்துவிடும். அந்தக் கழிப்பறையை யார் பயன்படுத்துகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மாமியாரோ நீங்களோ, நாளைக் காலை வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்.