குற்ற வழக்கில் பாதிக்கப்பட்டவருக்குச் சட்டம் உண்மையில் என்ன உரிமை தருகிறது?

பிரிட்டிஷ் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் குற்ற வழக்கு என்பது அரசுக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இடையிலானது. பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் ஒரு சாட்சி, அவ்வளவுதான். ஜெர்மனியில் கதை வேறு: கடுமையான சில குற்றங்களில் அவர் அரசு வழக்கறிஞரோடு சேர்ந்து வழக்கில் ஒரு தரப்பாகவே அமரலாம்.

1985இல் ஐ.நா. பொதுச்சபை குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான நீதி பற்றி ஒரு பிரகடனம் வெளியிட்டது. அதன்பின் பல நாடுகள் சட்டங்களைத் திருத்தின. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012 உத்தரவுப்படி, வழக்குத் தொடர வேண்டாம் என்ற முடிவை மறுபரிசீலிக்கப் பாதிக்கப்பட்டவர் கேட்கலாம். இந்தியாவில் 2009 முதல், குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானால் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம். ஆனால் தண்டனை போதாது என்று சொல்லி அவர் போக முடியாது. விசித்திரமான இடைவெளி!

சரி, அந்த உரிமை மீறப்பட்டால்? என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான கேள்வி. அமெரிக்காவின் 2004 கூட்டாட்சிச் சட்டம் தகவல் பெறவும், ஜாமீன், தண்டனை விசாரணைகளில் பேசவும் உரிமை தருகிறது. ஆனாலும் சிறுமிகள் மீதான பாலியல் குற்றங்களில் சிக்கிய செல்வந்தர் ஜெஃப்ரி எப்ஸ்டீனோடு, கூட்டாட்சி வழக்குத் தொடராமல் விட 2007இல் அரசுத் தரப்பு செய்த ஒப்பந்தம் பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தெரியாமலே நடந்தது. குற்றச்சாட்டு பதிவாகும் முன் இந்தச் சட்டத்தின் கீழ் அவர்கள் தனியாக வழக்குப் போட முடியாது என்று 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதெல்லாம் குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமையைக் குறைக்காதா என்று கேட்பார்கள். நியாயமான கவலைதான். பாதிப்பை விவரிக்கும் வாக்குமூலம் பொதுவாகக் குற்றம் நிரூபணமான பிறகு, தண்டனைக் கட்டத்தில் கேட்கப்படுவது அதனால்தான்.