லவ், அஃபெக்‌ஷன், ஃபாண்ட், அடோர்: அன்பைச் சொல்லும் இந்த ஆங்கிலச் சொற்களுக்குள் என்ன வேறுபாடு?

கேள்வி கேட்டவர் தன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய ஆங்கிலேயப் பேராசிரியைக்கு, அவர் ஓய்வு பெறும் நேரத்தில் ஒரு மடல் எழுதப் போகிறார். லவ் என்று எழுதினால் தப்பாகிவிடுமோ, அஃபெக்‌ஷன் என்று எழுதினால் விறைப்பாக இருக்குமோ என்று தயங்குகிறார். மடலுக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் இங்கிலாந்தில், நாட்டிங்காமில் ஒரு முதியோர் இல்லத்தில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். இந்தச் சொற்களை அகராதியில் படித்ததைவிட அங்கே காதால் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் அதிகம்.

முதலில் லவ். இந்தச் சொல்லைப் பார்த்து நாம்தான் ரொம்பப் பயப்படுகிறோம். யார்க்‌ஷயரில் கடைக்காரர் மீதிச் சில்லறையைக் கொடுக்கும்போது ‘தேங்க்ஸ், லவ்’ என்பார். நாட்டிங்காம், டெர்பி பக்கம் அதே இடத்தில் ‘டக்’, நியூகாசிலில் ‘பெட்’, கிளாஸ்கோவில் பெண்களுக்கு ‘ஹென்’. பிரிஸ்டலில் ‘மை லவர்’ என்றே கூப்பிடுவார்கள், அதில் காதல் துளியும் கிடையாது. கோயம்புத்தூர்ப் பக்கம் காய் விற்கும் அம்மா ‘என்ன கண்ணு வேணும்?’ என்று கேட்பது போலத்தான்.

ஆனால் ‘ஐ’ சேர்ந்தால் கனம் கூடிவிடும். போனை வைக்கும்போது பிள்ளைகளிடம் ‘லவ் யூ’ என்பது ‘சரி, வச்சிடறேன்’ மாதிரி சகஜமாக வரும். ‘ஐ லவ் யூ’ என்று முழுதாகச் சொன்னால் சொல்பவர் நின்று சொல்கிறார் என்று பொருள். அப்புறம், ‘ஐ லவ் ஹர்’ என்பது அம்மாவைப் பற்றியும் இருக்கலாம், தங்கையைப் பற்றியும் இருக்கலாம். ‘இன் லவ் வித் ஹர்’ என்றால் காதல் மட்டும்தான்.

எனக்குப் பெரிய பாடமாக அமைந்தது ஃபாண்ட் என்ற சொல். இல்லத்தில் தொண்ணூறைத் தாண்டிய ஒரு அம்மா இருந்தார். அவர் அறை நாற்காலியின் முதுகில் ஓர் ஆண் ஸ்வெட்டர் எப்போதும் தொங்கும். பழுப்பு நிறம், நடுவில் ஒரு பொத்தான் மட்டும் கறுப்பு. வேலைக்குச் சேர்ந்த வாரம் நான் அதைச் சலவைக் கூடையில் போட்டுவிட்டேன். அவர் கட்டிலிலிருந்து கையை நீட்டி, ‘அது வேண்டாம், அதை அங்கேயே வை’ என்றார். கணவருடையது. அந்தக் கறுப்புப் பொத்தானைத் தைத்தது அந்த அம்மாதானாம், வீட்டில் பழுப்புப் பொத்தான் இல்லாத ஒரு நாளில். அதைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் நேரம் கழித்து, ‘ஐ வாஸ் வெரி ஃபாண்ட் ஆஃப் ஹிம்’ என்றார்.

ஐம்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவரைப் பற்றி இவ்வளவுதான் சொல்வாரா என்று அன்றைக்கு எனக்கு மனசுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஃபாண்ட் என்றால் ‘பிரியமான’ என்றுதான் பள்ளியில் படித்திருந்தேன். பிறகு அங்கே உள்ள முதியவர்கள் பேசுவதைக் கேட்கக் கேட்கத்தான் புரிந்தது. அவர்கள் இந்தச் சொல்லை எடுக்கும்போது அதற்குள் காலம் இருக்கிறது, பழக்கம் இருக்கிறது, ஒருவரின் குறைகளையும் சேர்த்து வேண்டியவராக நினைக்கும் மனசு இருக்கிறது. அதே சொல்லை ஓர் இளைஞன், காதலைச் சொன்ன பெண்ணிடம் ‘ஐம் வெரி ஃபாண்ட் ஆஃப் யூ’ என்று பதிலாகச் சொன்னால் அவள் அதை மறுப்பாகத்தான் எடுத்துக்கொள்வாள். இடம் பார்த்துப் பேச வேண்டிய சொல்.

இதன் பழைய பொருள் என்ன தெரியுமா? அசடு, புத்தி பேதலித்தது. அன்பு மிகுந்து அசடாகிப்போனவர் என்ற வழியாகத்தான் இன்றைய பொருளுக்கு வந்தது. டோட் என்ற சொல்லும் அப்படியே. பேரன்மேல் உயிரையே வைத்திருக்கும் பாட்டியை ‘ஷி டோட்ஸ் ஆன் ஹிம்’ என்பார்கள். முதுமையில் புத்தி தடுமாறுவதைச் சொல்லும் டோட்டேஜ் அதே வேரில் வந்தது. ‘பெற்ற மனம் பித்து’ என்று சொல்லும் நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

டியர் என்பதற்கு ‘விலை அதிகம்’ என்ற பொருள் பிரிட்டனில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தக்காளி டியர் என்பார்கள், தங்கையும் டியர். எளிதில் கிடைக்காதது அரிது, அதனால் ‘அருமை மகளே’ என்று நாம் எழுதுகிறோமே, அதே மனப்போக்குதான். டார்லிங் இந்த டியரின் குழந்தை: வாத்துக் குஞ்சைக் குறிக்கும் டக்ளிங்கில் உள்ள அதே ‘லிங்’ விகுதிதான் இதிலும் ஒட்டியிருக்கிறது.

செரிஷ், பிரெஞ்சு மொழியில் டியருக்கு இணையான சொல்லிலிருந்து வந்தது. 1549-இல் வந்த ஆங்கிலத் திருச்சபை வழிபாட்டு நூலின் திருமண உறுதிமொழியில் லவ்வுக்குப் பக்கத்திலேயே செரிஷும் இருக்கிறது. மணமக்கள் இன்றும் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்கள். லவ் மனசில் இருப்பது. செரிஷ் என்றால் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொள்வது. அந்த ஸ்வெட்டரை அவர் வைத்திருந்ததற்குச் சரியான சொல் இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

அடோர் லத்தீனில் வழிபடுவதைக் குறித்த சொல். இப்போது காலணி வாங்கினாலும் ‘ஐ அடோர் தெம்’ என்கிறார்கள். அதனால் பேச்சில் கேட்டால் ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அஃபெக்‌ஷன் பெரும்பாலும் வெளியிலிருந்து பார்ப்பவரின் சொல். ‘அந்தக் குழந்தை ரொம்ப அஃபெக்‌ஷனேட்’ என்றால் ஓடி வந்து கட்டிக்கொள்ளும் என்று பொருள். ‘எனக்கு உன்மேல் அஃபெக்‌ஷன் இருக்கிறது’ என்று முகத்துக்கு நேரே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொண்ட ‘யுவர்ஸ் அஃபெக்‌ஷனேட்லி’ அங்கே இப்போது பழைய வாசனை அடிக்கும்.

சரி, உங்கள் மடல். டியர் என்று தொடங்குங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. உள்ளே அவரோடு உட்கார்ந்து ஆய்வேட்டைத் திருத்திய ஏதாவது ஒரு நாளை எழுதி, ‘ஐ ஹாவ் வெரி ஃபாண்ட் மெமரீஸ் ஆஃப் தோஸ் ஆஃப்டர்நூன்ஸ்’ என்று சொல்லுங்கள். கீழே ‘வித் வார்மெஸ்ட் விஷஸ்’ போதும். அவர் எப்போதாவது உங்களுக்கு எழுதியதில் பெயருக்கு மேலே ‘லவ்’ என்று போட்டிருந்தால், நீங்களும் தயங்காமல் அதையே போடுங்கள்.